பார்க்க வந்தவர்கள்

குஸ்கோ
14 அக்டோபர் 2018

அடியே சபினா,

என் எண்ணை பிளாக் செய்துவிட்டாய். பக்கத்து அறைக்காரியின் போனை இரவல் வாங்கிக் கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் பட்டென்று வைத்துவிட்டாய். சரி, உன் மகள் எல்வாவுக்கு முதல் முடி வெட்டிய ஞானத்தாய் நான். அந்த உறவை பிளாக் செய்ய எந்தப் போனிலும் பொத்தான் கிடையாது. அதனால் இந்தக் கடிதம் பவுஸ்தோவின் வேனில் ஏறி உன் ஊருக்கு வருகிறது. அவன் வழியில் பிரித்துப் படித்தால் அவன் மீசை உதிரட்டும்.

யார் தொடங்கியது என்று முதலில் பேசுவோம். நாலு சீசன் நாம் இரண்டு பேரும் பயணிகள் நடக்கும் பெரிய மலைப்பாதையில் அடுத்தவர்களின் கூடாரத்தையும் அடுப்பையும் முதுகில் தூக்கினோம். கடைசி நாள் காலையில் பயணிகள் எல்லோரும் கோட்டை வாசலைப் பார்க்கப் போவார்கள். நாம் மூட்டையோடு பின்வழியில் இறங்கி ரயிலைப் பிடிக்க ஓடுவோம். "ஒரு தடவையாவது நம்ம மூட்டையை மட்டும் தூக்கிக்கிட்டு, துரைசானிங்க மாதிரி ஒரு பழைய ஊரைப் போய்ப் பார்க்கணும்டி" என்று சொன்னது யார்? நீதான். வாமன்பாட்டாவுக்குப் போகலாம், அங்கே இன்னும் எந்தக் கம்பெனியும் ஆள் கூட்டிப் போவதில்லை என்று சொன்னதும் நீதான். நான் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

இரண்டாம் நாள் ஏற்றத்தில் நான் பின்தங்கினேன். ஆமாம், பின்தங்கினேன். ஒரு வருடமாக ஏஜென்சி ஆபீசில் உட்கார்ந்து டிக்கெட் எழுதுகிறவளுக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும். கடைசி வளைவு திரும்பினால் என்ன பார்க்கிறேன்? கூடாரம் அடித்தாகிவிட்டது. தேநீர் கொதிக்கிறது. வாசலில் ஒரு பேசினில் வெந்நீர், பக்கத்தில் சோப்பு. நீ தோளில் துண்டோடு நின்று கைதட்டுகிறாய். "வாங்க வாங்க, ரொம்ப நல்லா நடந்தீங்க!" நாம் பயணிகளுக்குச் சொல்வதை அப்படியே, அதே பல்லிளிப்போடு என்னிடம் சொல்கிறாய்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாம் போனதே அந்த பேசினை விட்டுத் தப்பிக்கத்தானே? ஒரு சொல் சொன்னேன். நீ பதிலுக்கு என் காலையும் ஆபீஸ் நாற்காலியையும் சேர்த்து நாலு சொல் சொன்னாய். விடிந்ததும் நான் கீழே இறங்கினேன், நீ மேலே ஏறினாய். திரும்பி வந்ததற்கு நான் வருத்தப்படவில்லை. அந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும், சரி, அது கிடக்கட்டும்.

ஊரைப் பார்த்தாயா? எப்படி இருந்தது? எனக்குச் சொல்லவேண்டாம்.

சொல்லு.

ஹசிந்தா

*

சில்காபம்பா
2 நவம்பர் 2018

மதிப்பிற்குரிய ஹசிந்தா சுல்கா அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தைக் கேட்கவில்லை. பவுஸ்தோவின் மீசை அப்படியேதான் இருக்கிறது, ஆகவே படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

உருளைக்கிழங்கு நட்டு முடித்தாகிவிட்டது. மழை தாமதம்.

தாங்கள் எழுதாமல் விட்ட அந்தச் சொல்லை நானே எழுதுகிறேன். "உனக்கு வேலைக்காரி புத்தி போகவே போகாதுடி." இதுதான் அது. அந்த மலை அதைக் கேட்டது, நானும் கேட்டேன்.

நடந்து களைத்து வருகிறவளின் காலுக்கு வெந்நீர் வைப்பது வேலைக்காரி புத்தி என்றால், வயலிலிருந்து வரும் என் அப்பாவுக்கு வெந்நீர் வைக்கும் என் அம்மாவும் வேலைக்காரி. எல்வாவின் காலைக் கழுவிவிடும் நானும் வேலைக்காரி. கைதட்டியது விளையாட்டு. நாலு சீசன் என்னோடு சேர்ந்து பயணிகளை நையாண்டி செய்து சிரித்தவருக்கு விளையாட்டு எது என்று தெரியும் என நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தால் அதுவும் மறந்துபோகும் போலிருக்கிறது.

வாமன்பாட்டாவைப் பார்த்தேன். பெரிய ஊர். சுவர்கள் உயரமானவை. கல் நிறைய. வாசலும் பெரியதுதான். இதற்கு மேல் பார்க்காதவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

உங்கள் கம்பளிச் சட்டை என் மூட்டையோடு வந்துவிட்டது. கொடுத்தனுப்பியிருக்கிறேன். கைக்கிழிசலைத் தைத்திருக்கிறேன். அதையும் என் புத்தி என்று வைத்துக்கொள்ளலாம்.

சபினா லாய்மே

*

குஸ்கோ
9 டிசம்பர் 2018

சபினா,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது, அதற்கப்புறம் சந்தேகம் வந்தது. "கல் நிறைய." ஒரு குன்றில் ஏறி இறங்கினால், எந்தப் புல் எங்கே முளைத்திருக்கிறது, எந்த ஆட்டுக்கு எந்தக் கால் நொண்டி என்று ஒரு மணி நேரம் பேசுகிறவள் நீ. எத்தனையோ வருடம் ஆசைப்பட்டுப் போய்ப் பார்த்த ஊரைப் பற்றி "கல் நிறைய" என்கிறாய். என்னமோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே பட்டது.

நேற்று கோவேறுகழுதைக்கார ருபெர்த்தோ ஆபீசுக்கு வந்தான். வாமன்பாட்டாவில் புதர் வெட்டிச் சுத்தம் செய்கிற ஆட்களுக்கு அரிசி ஏற்றிப் போகிறவன் அவன்தானே. என்னைப் பார்த்ததும் ஒரே இளிப்பு.

"உன் கூட்டாளி என்னமா கிழங்கு உரிக்கிறா! ஒரு மூட்டையை ஒத்தையா முடிச்சிட்டா. மேஸ்திரி இன்னும் கேட்டுக்கிட்டிருக்காரு, 'அந்தப் பொண்ணு எங்கய்யா, மறுபடி அனுப்ப மாட்டீங்களா'ன்னு."

"எந்தக் கூட்டாளி? அவ ஊரைப் பார்க்கத்தானே போனா?"

"ஊரையா? அவ சமையல் கூடாரத்த விட்டு வெளியவே வரலையே."

நான் சிரிக்கவில்லை. நம்பு. பின்பக்கம் போய், பழைய கூடாரங்கள் அடுக்கி வைத்திருக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன்னை நினைத்து அல்ல, என் வாயை நினைத்து. அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது, சபினா. தப்பு என்னுடையது. உன் காலில் விழுந்து சொல்லச் சொன்னாலும் சொல்வேன், ஆனால் நீ உடனே எனக்கு வெந்நீர் வைக்க எழுந்துவிடுவாய்.

இன்னொன்று. மே மாதம் எங்கள் ஏஜென்சி வாமன்பாட்டாவுக்குப் பயணம் தொடங்குகிறது. முதலாளி தோன் எலியாஸ் என்னைத் துணை வழிகாட்டியாகப் போடப்போகிறார். அதற்குப் பிறகு உன்னைப் போன்ற ஒருத்தி அந்த ஊருக்குள் போகவேண்டுமானால் முதுகில் யாருடைய அடுப்பாவது இருக்கவேண்டும். அதற்கு முன்னால், ஏப்ரலில், மழை விட்டதும், நாம் இரண்டு பேரும் போய்விட்டு வருவோம். வா.

ஹசிந்தா

*

சில்காபம்பா
6 ஜனவரி 2019

ஹசிந்தா,

தெரிந்துவிட்டதா? நல்லது. கழுதைக்காரன் வாயால் அரைகுறையாகத் தெரிவதைவிட என் வாயால் முழுதாகத் தெரிந்துகொள்.

நீ இறங்கிப் போன மறுநாள் உச்சிப்பொழுதில் நான் அங்கே சேர்ந்தேன். ஓடையில் முகம் கழுவி, தலைமுடியைப் பின்னி, மூட்டையிலிருந்து பண்டிகைப் பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். தொப்பியில் புதுப் பூ வைத்தேன். மூன்று கோகா இலையைச் சேர்த்துப் பிடித்து மலைச்சாமியை நோக்கி ஊதினேன். "வேலைக்கு வரல, பார்க்க வந்திருக்கேன்" என்று வாய்விட்டே சொன்னேன். சாமிக்குக் கேட்டிருக்கும். மேஸ்திரிக்குக் கேட்கவில்லை.

வாசல் தெரிகிறது. பத்தடி நடந்தால் உள்ளே போய்விடுவேன். அந்த ஆள் நகரத்துத் தொப்பியோடு குறுக்கே வந்தார்.

"வந்துட்டியா? காலைலேர்ந்து பார்த்துக்கிட்டிருக்கேன். கூட யாரும் வரலையா? சரி சரி, சமையல் அந்தப் பக்கம். சீக்கிரம் போ."

கீழேயிருந்து யாரோ சமையலுக்கு வருவதாக இருந்திருக்கிறது. என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "சரிங்கய்யா." நான் யோசிப்பதற்குள் அது வந்துவிட்டது. என் காலும் அதன் பின்னாலேயே போய்விட்டது. பண்டிகைப் பாவாடையோடு போய் உட்கார்ந்தேன். கத்தி கைக்கு வந்த பிறகுதான், நான் எதற்கு வந்தேன் என்பதே நினைவுக்கு வந்தது. அப்போதாவது எழுந்திருக்கலாம். எதிரே நம்மைப் போன்ற ஆட்கள் பசியோடு மண்வெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதிச் சட்டியை எப்படி விட்டுவிட்டு வருவது? உரித்தேன். இருட்டும் வரை உரித்தேன். காலையில் மூடுபனி, பக்கத்திலிருப்பவர் முகம்கூடத் தெரியவில்லை. வாசலை விட்டால் நான் பார்த்தது சமையல் கூடாரத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சுவரின் முதுகை மட்டும்தான். அதைத்தான் "கல் நிறைய" என்று எழுதினேன்.

மேஸ்திரி என்னை விரட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் விரட்டவில்லை, நன்றாகத்தான் பேசினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இறங்கி வந்த வழி முழுக்க நீ சொன்ன சொல் என் கூடவே நடந்து வந்தது. அது சரியான சொல் என்று எனக்கே பட்டது. அதனால்தான் உன் எண்ணை பிளாக் செய்தேன், கோபத்தால் அல்ல.

ஏப்ரலில் நான் வரமாட்டேன். வாசலில் நின்று, என் கால் மறுபடியும் அந்தப் பக்கமே திரும்பினால்? அதற்கப்புறம் என்னால் எல்வாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

சபினா

*

குஸ்கோ
17 பிப்ரவரி 2019

அடியே,

திரும்பினால் பின்னலைப் பிடித்து இழுக்கிறேன். வேறு எதற்கு ஒருத்தியைக் கூட்டாளி என்று வைத்துக்கொள்வது?

நீ மட்டும்தான் அப்படி என்று நினைக்காதே. நானும் அப்படித்தான் இருக்கிறேன். போன வாரம் ஆபீசில் கூட்டம் நடந்தது. வழிகாட்டிகள் எல்லோரும் ஆண்கள், நானும் ஒரு நாற்காலியில், கையில் வரைபடத்தோடு. தோன் எலியாஸ் பேச்சுக்கு நடுவே என்னைப் பார்க்காமலேயே "தேநீர்" என்றார். எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். சர்க்கரை எவ்வளவு என்று வேறு கேட்டேன். திரும்பி வந்து உட்காரும்போது என் வரைபடத்தின் மேல் யாரோ தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார்கள். அந்த பேசினைப் பார்த்து அன்றைக்கு நான் கத்தியது உன்னை அல்ல, சபினா. தேநீர் தூக்கிக்கொண்டு நிற்கும் என்னைத்தான். உன் தோளிலிருந்த துண்டில் என் முகம் தெரிந்தது.

இப்போது சொல், வருகிறாயா? ஒரு நாள் நீ சமை, ஒரு நாள் நான் சமைக்கிறேன். முன்னால் போகிறவள் உட்கார்ந்து காத்திருக்கவேண்டும், ஒரு சுள்ளியைக்கூடப் பொறுக்கக் கூடாது. என் பையை நான்தான் தூக்குவேன். நான் செத்து விழுந்தாலும் நீ தொடக்கூடாது, ருபெர்த்தோவின் கழுதையைக் கூப்பிடு. ஒரு மாதமாகத் தினமும் காலையில் ஊர்க்கோடிப் படிக்கட்டில் கல் கட்டிய பையோடு ஏறி இறங்குகிறேன். தெருநாய்கள்கூட என்னைப் பார்த்துப் பழகிவிட்டன.

எண்ணைத் திறந்துவிடு, பேசலாம்.

ஹசிந்தா

*

சில்காபம்பா
24 மார்ச் 2019

ஹசிந்தா,

எண்ணைத் திறக்கமாட்டேன். போனில் நீ யோசிக்காமல் பேசுகிறாய், கடிதத்தில் யோசித்துப் பேசுகிறாய். இப்படியே இருக்கட்டும்.

மழை குறைந்துவிட்டது. எல்வாவை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறேன். உன் பையை நான் தொடமாட்டேன். நீ பின்தங்கினால் உட்கார்ந்து வறுத்த சோளம் தின்றுகொண்டிருப்பேன். வெந்நீர் கிடையாது. நாறினால் நாறு.

தோன் எலியாசின் தேநீரில் உப்பைப் போடு.

சபினா

*

சில்காபம்பா
5 மே 2019

அடியே ஹசிந்தா,

வாமன்பாட்டாவிலிருந்து இறங்கி வந்து வேனில் ஏறும்போது கேட்டாயே, "என்னடி, ரெண்டு நாளா வாயே திறக்கல, உடம்பு சரியில்லையா?" என்று. வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். பவுஸ்தோ அதை ஊர் முழுக்கச் சொல்லியிருப்பான். இப்போது சொல்கிறேன்.

வாசலுக்கு முன்னால் நீ ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தாய் இல்லையா? நான் முன்னால் போனேன். மழைக்கு ஊர் திரும்பிய ஆட்கள் இன்னும் வரவில்லை. மேஸ்திரியும் இல்லை, கூடாரமும் இல்லை. என்னைத் தடுக்க ஒரு ஈ காக்கைகூடக் கிடையாது. இருந்தும் என் கால் வலப்பக்கம் திரும்பியது. சமையல் நடந்த இடத்துக்கு. யாருமே சொல்லாமல், தானாகவே! கரி படிந்த மூன்று அடுப்புக் கல்லின் முன்னால் போய் நின்றுவிட்டேன். உன்னைக் கூப்பிடலாம் என்று வாய்வரை வந்தது. கூப்பிட்டிருந்தால் வந்து பின்னலைப் பிடித்து இழுத்திருப்பாய், தெரியும்.

கூப்பிடவில்லை. நானாகவே திரும்பினேன், ஹசிந்தா. வந்த வழியே நடந்து, வாசலில் தலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். நீ நிமிர்ந்து பார்த்தபோது நான் உள்ளே நின்றுகொண்டிருந்தேன். "என்னடி, காத்திருக்கக்கூட மாட்டியா?" என்று திட்டினாய். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு இனித்தது என்று உனக்குத் தெரியாது.

அப்புறம் அந்தப் படிகள். மலைச்சரிவில் அடுக்கடுக்காக அமைத்த வயல்மட்டங்களின் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள். நீ கையை ஊன்றி ஏறினாய். நான் மூட்டையோடு ஏறிப் பார்த்தேன், கை தேவைப்படவில்லை. மூட்டை இல்லாமல் ஏறினால் தடுமாறுகிறது, மூட்டையோடு ஏறினால் ஒவ்வொரு கல்லும் சரியாகக் காலுக்கு வந்து நிற்கிறது. முதுகில் சுமை இருக்கிறவனின் நடைக்கு அளவெடுத்துக் கட்டியிருக்கிறான், கட்டியவனும் சுமந்தவன்தான். அந்த ஊர் முழுக்க ராஜா கட்டியது என்று நீ மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாய். ராஜா ஒரு கல்லைக்கூடத் தூக்கியிருக்கமாட்டார். தூக்கியவர்கள் நம் ஆட்கள். அவர்கள் சுமந்து, அவர்களே அடுக்கி, அவர்கள் காலுக்கு ஏற்றபடி படி வைத்திருக்கிறார்கள். அந்த மேல்மட்டத்தில் காலை நீட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்க எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேனே, அப்போது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சுமைகாரி என்பதில் எனக்கு இப்போது வெட்கம் இல்லை. ஒரு துளிகூட இல்லை.

இனி நீ கேட்ட விஷயம். இந்த மாதக் கடைசியில் முதல் குழுவுக்குச் சுமை தூக்க எங்கள் ஊர்ப் பெண்கள் வருவார்களா என்று தோன் எலியாஸ் கேட்கச் சொன்னதாகச் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டிப் பேசினேன். வருகிறோம். வேலை எங்களுக்கு வேண்டும், அதில் பொய்யில்லை. ஆனால் வாசலில் மூட்டையை இறக்கிவிடுவோம். பயணிகளோடு சேர்ந்து அதே வாசல் வழியாக, அதே நேரத்தில் உள்ளே போவோம். நீ அவர்களுக்குச் சொல்வதை எங்களுக்கும் நம் பாஷையில் சொல்லவேண்டும். பார்த்து முடித்த பிறகுதான் கூடாரம், அடுப்பு எல்லாம்.

பெர்னார்தா பயந்தாள். "அந்தாளு கோவிச்சுக்கிட்டு வேற ஊர் ஆளக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா? இந்த வருஷம் கிழங்கும் சரியில்லையேடி."

"கூட்டிக்கிட்டுப் போகட்டும்க்கா. அந்த ஊருக்கும் நான் நடந்து போய் இதையே சொல்லிட்டு வரேன்."

"அதுக்கடுத்த ஊருக்குப் போனா?"

"எனக்கென்ன, கால் வலிக்கவா போகுது?"

சிரித்துவிட்டார்கள். பெர்னார்தாதான் முதலில் கை தூக்கினாள். அப்புறம் எல்லோரும் தூக்கினார்கள்.

இதை அவரிடம் உட்கார்ந்துகொண்டே சொல். எழுந்து நின்று சொல்லாதே.

சபினா

*

குஸ்கோ
14 மே 2019

சபினா,

உட்கார்ந்துகொண்டேதான் சொன்னேன். உன் கடிதத்தில் அந்தப் பத்தியை அப்படியே படித்துக் காட்டினேன், பவுஸ்தோ சாட்சி.

தோன் எலியாஸ் முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் கத்தத் தொடங்கினார். "மலை ஏறி வந்த டூரிஸ்ட்டு குளிர்ல நிப்பானா? கூடாரம் இல்லாம, தேநீர் இல்லாம? எந்தக் கம்பெனில இப்படி நடக்குது? நீ வழிகாட்டியா, இல்ல அந்தப் பொம்பளைங்களோட தலைவியா?" மேஜையைத் தட்டினார். வேறு ஊருக்குப் போகிறேன் என்றார். போங்கள், ஆனால் சபினா அங்கே முன்னாடியே போயிருப்பாள் என்றேன். அந்தப் பக்கத்தில் சுமையோடு மலையேறிப் பழகியவர்கள் உங்கள் ஊரைத் தவிர வேறு எங்கும் இல்லை என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கடைசியில் இறங்கி வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சரி என்று சொன்னார், ஆனாலும் சொன்னார். இருபத்தெட்டாம் தேதி பவுஸ்தோ வேனோடு உங்களை ஏற்ற வருவான். எல்லோரையும் நல்ல பாவாடை கட்டிக்கொண்டு வரச் சொல்.

நான் எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டுக் கேட்டார்: "அப்போ டூரிஸ்ட்டு கேட்டா என்ன சொல்லுவே? கூடாரம் எங்க, தேநீர் எங்கன்னு கேட்டா?"

"கொஞ்சம் பொறுத்துக்குங்க, இந்த ஊரைக் கட்டினவங்க இப்போ ஊரைப் பார்த்துக்கிட்டிருக்காங்கன்னு சொல்லுவேன்" என்றேன்.

ஹசிந்தா